லைமன் கிரேட் பிளெயின்ஸ் சிக்கிமுக்கித் துப்பாக்கி: பென்சில்வேனியக் குளிர்கால மான் வேட்டைக்கு எந்த அளவு பொருந்தும்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி நடுப்பகுதிவரை ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளில் அந்நாள்களில் துப்பாக்கியோடு காட்டுக்குள் போக விரும்புகிறவர், சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்து பற்றும் பழைய முறைத் துப்பாக்கியையே எடுத்துச் செல்ல வேண்டும். குழலின் உள்விட்டம் 0.44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது; தொலைநோக்கி பொருத்தக் கூடாது; ஒரு முறைக்கு ஒரே குண்டு. 1974-இல் 37 அரசு வேட்டை நிலங்களில் மட்டும் மூன்று நாள்களுக்கு நடத்திப் பார்க்கப்பட்ட இந்தப் பருவம், இன்று மாநிலம் முழுவதும் வேரூன்றிவிட்டது. இதற்கென்று துப்பாக்கி தேடும் புதியவருக்குப் பழகிய வேட்டைக்காரர்கள் பரிந்துரைக்கும் பெயர்களில் ஒன்று, லைமன் நிறுவனத்தின் கிரேட் பிளெயின்ஸ் ரைஃபிள். கைமாறி வந்த அப்படியொரு துப்பாக்கியை, 0.54 அங்குலக் குழலும் சிக்கிமுக்கிப் பூட்டும் கொண்டதை, சில பருவங்களாக நான் பயன்படுத்தி வருகிறேன். எழுபது கஜத்துக்குள் நிற்கும் மானை உலர்ந்த நாளில் சுடுவதற்கு இது கொடுத்த விலைக்கு மேல் மதிப்புள்ள கருவி என்பதும், ஈரமான நாளில் இதன் தரத்தைவிட வைத்திருப்பவரின் பொறுமையே முடிவைத் தீர்மானிக்கும் என்பதும் என் மதிப்பீடு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று அழைக்கப்படுவதும் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். இங்கே நான் எழுதுவது, உரிமம் வழங்கி, பருவம் வகுத்து, எத்தனை மான் எடுக்கலாம் என்று அரசே வரையறுக்கும் ஓர் இடத்தில் நடக்கும் வேட்டையைப் பற்றியது.

கிரேட் பிளெயின்ஸ், இத்தாலியில் இன்வெஸ்டார்ம் நிறுவனத்தில் செய்யப்பட்டு லைமன் பெயரில் அமெரிக்காவில் விற்கப்பட்ட துப்பாக்கி. எண்கோண வடிவக் குழலின் நீளம் 32 அங்குலம். கட்டை வால்நட் மரம். பூண்கள் அனைத்தும் கருமையேற்றிய எஃகு. பளபளக்கும் பித்தளை எங்கும் இல்லை. செயின்ட் லூயிஸ் நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடை நடத்திய ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் ராக்கி மலைத்தொடருக்குச் செல்லும் தோல் வணிகர்களுக்காகச் செய்த துப்பாக்கிகளை ஒட்டியது இதன் உருவம். இன்று எஞ்சியிருக்கும் ஹாக்கன் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தொப்பிவெடியால், அதாவது அடித்தால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பியால், பற்றும் வகையைச் சேர்ந்தவை. ஆகவே ஹாக்கன் உருவத்தில் ஒரு சிக்கிமுக்கித் துப்பாக்கி என்பது வரலாற்றுக் கண்டிப்புடையவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தலாம். அவர்கள் விரும்புவது, அதற்கு முந்தைய நூற்றாண்டில் லங்காஸ்டர் வட்டாரத்து ஜெர்மானியக் கொல்லர்கள் வடித்த, நாற்பது அங்குலத்துக்கும் மேல் நீண்ட மெலிந்த குழலுடைய பென்சில்வேனிய நீளத் துப்பாக்கியைத்தான். அதை இன்று ஒரு கைவினைஞரிடம் சொல்லிச் செய்துகொள்ளப் பல ஆயிரம் டாலர் ஆகும். கிரேட் பிளெயின்ஸ் ஆயிரத்துக்குள் அடங்கும். மானுக்கு இந்த வேறுபாடு தெரியாது என்பதால் நான் அதிகம் கவலைப்படவில்லை.

இந்தத் துப்பாக்கியின் உண்மையான சிறப்பு குழலுக்குள் இருக்கிறது. குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டிய வரிப்பள்ளம், அதாவது மரை, 60 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுழல்கிறது. இன்றைய நீள் குண்டுகளுக்கான வாய்வழித் துப்பாக்கிகளில் 28 அங்குலத்துக்கே ஒரு சுற்று இருக்கும். இரண்டுக்கும் நடுவே 48 அங்குலச் சுற்றைப் பலர் சமரசமாக வைக்கிறார்கள். உருண்டையான ஈயக் குண்டு நிலையாகப் பறப்பதற்கு அதிகச் சுழற்சி தேவையில்லை. அது குழலைத் தொடுவதும் இல்லை. கொழுப்பூட்டிய துணி வில்லை ஒன்று அதைச் சுற்றிக்கொண்டு மரையைப் பிடிக்கிறது. மரை வேகமாகச் சுழன்றால், மருந்தின் அளவைக் கூட்டும்போது துணி பிடியை இழந்து வழுக்கிவிடும், குறி சிதறும். மெதுவான மரையில் வேட்டைக்கு வேண்டிய முழு மருந்தையும் இட்டுச் சுடலாம், குறியும் கூடி விழும். கையில் வாங்கிப் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இதே உருவத்தில் கிரேட் பிளெயின்ஸ் ஹன்டர் என்ற பெயரில் 32 அங்குலச் சுற்றுடைய வகை ஒன்றும் விற்பனையில் இருந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஈய உருண்டை சுட விரும்புகிறவர் ஒரு கோலில் துணியை இறுகச் சுற்றி உள்ளே விட்டு, அது எவ்வளவு தூரத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

அளவில் 0.50, 0.54 என்ற இரண்டில் நான் பெரியதையே பரிந்துரைப்பேன். 0.50 குழலுக்கான 0.490 அங்குல உருண்டையின் எடை ஏறத்தாழ 177 கிரெய்ன், அதாவது பதினொன்றரை கிராம். 0.54 குழலுக்கான 0.530 அங்குல உருண்டை 224 கிரெய்ன் இருக்கும், பதினான்கரை கிராம். உருண்டை வடிவம் காற்றோடு போராடுவதில் மிகவும் மோசமானது. நூறு கஜம் போவதற்குள் தொடக்க வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடும். வேகத்தை நம்ப முடியாத இடத்தில் எடையையும் விட்டத்தையும் நம்புவதே முறை. என் துப்பாக்கியில் 90 கிரெய்ன் இரண்டு எஃப் (எஃப் எண் கூடக் கூட மருந்தின் மணி நுண்மையாகும்) கருமருந்தும், தடித்த பருத்தித் துணி வில்லையும், மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சும் சேர்ந்தபோது ஐம்பது கஜத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும்படி குண்டுகள் விழுந்தன. இந்த அளவு அப்படியே மற்றொரு துப்பாக்கிக்குப் பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எல்லைக்குள் சிறிய அளவிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இனி பூட்டுக்கு வருவோம். சிக்கிமுக்கித் துப்பாக்கியின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. குதிரை எனப்படும் சுத்தியின் வாயில் தோல் சுற்றிப் பிடிக்கப்பட்ட கல், விசையை அழுத்தியதும் பாய்ந்து, எதிரே நிமிர்ந்து நிற்கும் உரசுத்தகட்டின் முகத்தைச் சுரண்டிக்கொண்டு இறங்கும். சுரண்டப்பட்ட எஃகுத் துணுக்குகளே காற்றில் எரிந்து பொறியாகின்றன. அந்த இடியிலேயே தகடு முன்னால் மடங்கிக் கீழேயுள்ள மருந்துத்தட்டைத் திறந்துவிடும். பொறி தட்டில் விழும். அங்குள்ள பற்றுமருந்து குப்பென்று எரிய, அதன் வெப்பம் பக்கவாட்டுப் பற்றுத்துளை வழியே குழலுக்குள் நுழைந்து பெரிய மருந்தைப் பற்றவைக்கும். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடக்க வேண்டும். நன்றாக அமைந்த பூட்டில் இரண்டு ஓசைகள் கேட்காது, ஒரே வெடி கேட்கும். கிரேட் பிளெயின்ஸின் பூட்டு சுருள்வில்லால் இயங்குவது. பழைய முறைத் தகட்டுவில் கொண்ட உயர்ந்த பூட்டுகளின் மிருதுவான வேகம் இதற்கு வராது என்பது இத்துறையில் உள்ளவர்களின் பொதுவான கருத்து. விலையை வைத்துப் பார்த்தால் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கல் கூராக இருந்தால் என் துப்பாக்கியின் பொறி தாராளமாகவே விழுகிறது. மாற்றுப் பூட்டுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு, இதே குழிவில் பொருந்துமாறு எல் அண்ட் ஆர் நிறுவனம் செய்யும் பூட்டு கிடைக்கிறது.

கல்லில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இங்கிலாந்தின் பிராண்டன் ஊரிலிருந்து வரும் கறுப்புக் கற்கள் கையால் உடைத்துச் செதுக்கியவை. அவற்றின் விளிம்பு கத்திபோல் இருக்கும், மழுங்கினால் சிறு பித்தளைக் கருவியால் தட்டி மறுபடி கூராக்கலாம். இயந்திரத்தால் அறுத்த அகேட் கற்கள் விலை குறைவு, ஆனால் பொறி குறைவு, தகட்டையும் வீணே தின்னும். பற்றுமருந்து இடும் முறைக்கும் ஒரு நுட்பம் உண்டு. தட்டை நிரப்பிக் கொட்டினால் மருந்து பற்றுத்துளையை மூடிவிடும். அப்போது தீ, துளைக்குள் இருக்கும் மருந்தைத் திரிபோல் எரித்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால் வெடி தாமதிக்கும். துளைக்குக் கீழே நிற்கும்படி, தட்டில் பாதிக்கும் குறைவாக இட வேண்டும். அந்தத் துளை இந்தத் துப்பாக்கியில் கழற்றக்கூடிய திருகுக் குமிழில் இருப்பது பெரிய வசதி. தேய்ந்தால் குமிழை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

குழலின் பின்முனையை மூடும் பின்னடைப்பின் அமைப்பைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. குழலின் அடியில் மருந்து தங்கும் அறை, குழலைவிடக் குறுகலானது. இவ்வகைக் கொக்கிப் பின்னடைப்பு உள்ள பல துப்பாக்கிகளில் காணப்படும் அமைப்பு இது. கொக்கி இருப்பதால், கட்டையிலுள்ள இரண்டு ஆப்புகளை உருவிக் குழலை அப்படியே தூக்கி எடுத்து வாளியில் வைத்துக் கழுவலாம், இது நன்மை. ஆனால் பெரிய துடைப்புத் துணி அந்தக் குறுகிய அறைக்குள் இறங்காது. அங்கே ஈரமோ எண்ணெயோ தங்கிவிட்டால், தட்டில் மருந்து அழகாக எரியும், குழல் ஊமையாக இருக்கும். சிறிய விட்டமுடைய தூரிகை ஒன்றில் துணி சுற்றி அந்த அறையைத் தனியாகத் துடைக்க வேண்டும். வேட்டைக் காலையில் குண்டு கெட்டிப்பதற்கு முன்பு, எண்ணெய்ப் பிசுக்கு போகச் சாராயம் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து உலரவிடுவதையும் நான் தவிர்ப்பதில்லை.

இரட்டை விசை இதன் இன்னொரு கவர்ச்சி. பின்விசையை முதலில் அழுத்தி வைத்தால் முன்விசை மயிரிழை அழுத்தத்துக்கே விடுபடும். அப்படிச் செய்யாமலும் முன்விசையால் நேரடியாகச் சுடலாம், சற்றுக் கூடுதல் அழுத்தம் வேண்டும். இலக்குப் பலகையின் முன்னால் முதல் முறை இன்பம் தரும். உறைகுளிரில் விறைத்த விரலும் கையுறையும் சேர்ந்த நிலையில், மான் கண்ணெதிரே வந்து துப்பாக்கி தோளில் ஏறிய பிறகே பின்விசையைத் தொட வேண்டும். நடக்கும்போது அது அழுத்தப்பட்ட நிலையில் இருப்பது விபத்துக்கு அழைப்பு. பின்குறி இரண்டு விதமாகக் கொடுக்கப்பட்டது: ஏற்றி இறக்கக்கூடியது ஒன்று, பழைய முறையில் அசையாமல் நிற்பது ஒன்று. காட்டுக்கு அசையாததே போதும். வயது ஏறிய கண்களுக்கு இரும்புக் குறி மங்கலாகத் தெரியும் என்பது உண்மைதான். அது இந்தத் துப்பாக்கிக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று.

எடை நான்கு கிலோவுக்கு மேல். அப்பலாச்சிய மலைச்சரிவில், இடுப்பளவு மலை லாரல் புதருக்குள் நாள் முழுதும் இதைத் தூக்கி நடந்தால் தோள் சொல்லும். அதே எடை, சுடும்போது உதையை விழுங்கி, துப்பாக்கியை அசையாமல் நிறுத்துகிறது. சிக்கிமுக்கியில் இந்த அசையாமை மிகவும் முக்கியம், ஏனென்றால் விசைக்கும் வெடிக்கும் இடையே ஒரு கணம் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் ஒரு தீச்சுவாலை எழுகிறது. அந்தக் கணத்தில் முகத்தைச் சுளித்துத் துப்பாக்கியை நகர்த்தாதவருக்குத்தான் குறி. வெறும் மரத்துண்டைக் கல்லுக்குப் பதில் பூட்டில் பொருத்தி, மருந்தில்லாமல் வீட்டில் பழகுவது பயன் தரும். கட்டையின் பின்முனை பிறைபோல் வளைந்த எஃகு. அதை நவீனத் துப்பாக்கியைப்போல் தோள்குழியில் வைத்தால் நுனி குத்தும். மேற்கையில், தோள்மூட்டுக்குச் சற்று வெளியே பொருத்திச் சுட வேண்டும். தடித்த குளிர்கால மேலங்கி போட்டிருப்பவர் அந்த உடையோடேயே பயிற்சியும் செய்யட்டும்.

மருந்து வாங்குவதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடையில், மாற்று மருந்துப் புட்டி ஒன்றை எல்லா வாய்வழித் துப்பாக்கிக்கும் ஏற்றது என்று சொல்லி எனக்கு விற்கப் பார்த்தார்கள். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றுவதற்குக் கருமருந்தைவிட அதிக வெப்பம் கேட்பவை. தொப்பிவெடிக்கு அது பிரச்சினை இல்லை. கல்லின் பொறிக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. சிக்கிமுக்கிக்கு வேண்டியது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பழைய விகிதத்தில் அமைந்த அசல் கருமருந்து. அது சட்டப்படி வெடிபொருள் என்பதால் பெரும்பாலான கடைகள் இருப்பு வைப்பதில்லை. அஞ்சலில் வரவழைத்தால் ஆபத்துப் பொருள் கட்டணம் தனி. பழங்காலத் துப்பாக்கிக்காகப் பொழுதுபோக்காளர் ஒருவர் 50 பவுண்டுவரை உரிமமின்றி வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் இடம் தருகிறது. மாநில, ஊராட்சி விதிகள் வேறுபடலாம். அமெரிக்காவின் கோயெக்ஸ் மருந்தை லூசியானாவின் மின்டனில் தயாரித்துவந்த ஹாட்ஜ்டன் நிறுவனம், ஆலையை மூடுவதாக 2021-இல் அறிவித்தபோது இந்த வட்டாரத்தில் பெரிய கலக்கமே உண்டானது. 2022-இல் எஸ்டெஸ் எனர்ஜெட்டிக்ஸ் அதை வாங்கிய பிறகே மூச்சு வந்தது. கிடைக்கும்போது குழலுக்கு இரண்டு எஃப், தட்டுக்கு நான்கு எஃப் என்று வாங்கி வைப்பது நல்லது. ஒன்றே போதும் என்பவர் மூன்று எஃப் மருந்தை இரண்டுக்கும் பயன்படுத்தலாம், குழல் அளவைச் சற்றுக் குறைத்து.

கெட்டிக்கும்போது மருந்துப் புட்டியிலிருந்து நேரே குழலில் ஊற்றுவது எக்காலத்திலும் கூடாது. குழலில் ஒரு கனல் எஞ்சியிருந்தால் புட்டி கையிலேயே வெடிக்கும். அளவுக் குப்பியில் அளந்து, அதிலிருந்துதான் ஊற்ற வேண்டும். குண்டு மருந்தின் மேல் முழுமையாக அமர்ந்ததா என்பதைக் காட்ட, கெட்டிக்கும் கோலில் ஒரு கீறல் இட்டுக்கொள்வது அவசியம். இடையில் வெற்றிடம் விட்டு நிற்கும் குண்டு குழலையே வீங்கச் செய்யலாம், பிளக்கவும் செய்யலாம்.

காட்டில் இது எப்படி நடந்துகொள்கிறது? டிசம்பர் இறுதியில் வெள்ளைவால் மான்கள் முந்தைய பருவங்களின் வெடியோசையெல்லாம் கேட்டு முடித்து, ஹெம்லாக் மரங்களின் இருட்டிலும் லாரல் புதரிலும் ஒடுங்கியிருக்கும். பார்வைக்கு வரும் மான் பெரும்பாலும் அருகிலேயே வருகிறது. ஐம்பது கஜம் என்பதே அந்தப் புதரில் தாராளம். ஆகவே துப்பாக்கியின் குறுகிய எல்லை இங்கே குறையாகத் தோன்றவில்லை. பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலில் விழும் பெரிய ஈய உருண்டை அநேகமாக மறுபக்கம் வெளியேறி, பனியில் தெளிவான தடத்தை விட்டுச் செல்கிறது. சுட்டவுடன் எழும் வெண்புகை கண்ணை மறைக்கும். குனிந்து புகைக்கு அடியில் பார்த்து, மான் எந்த மரத்தைக் கடந்து போனது என்பதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது குண்டைக் கெட்டிப்பதற்குள் அரை நிமிடமாவது போய்விடும் என்பதால், ஓடும் மானையும், தொலைவில் பாதி மறைந்து நிற்கும் மானையும் சுடாமல் விடுவதே நேர்மை.

மழையும் ஈரப்பனியும்தான் பகை. கருமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். எரிந்த மருந்தில் பாதிக்கும் மேல் திடக்கழிவாகவே மிஞ்சுவதால், ஒரு முறை சுட்ட பிறகு துடைக்காத தட்டு சிறிது நேரத்தில் சேறாகிவிடும். பூட்டின் மேல் கொழுப்பு தேய்த்த தோலுறையைக் கட்டி, குழல்வாயை மூடி, ஈரமான நாளில் மணிக்கொரு முறையாவது பற்றுமருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக இடுகிறவருக்குத் துப்பாக்கி பெரும்பாலும் வெடிக்கும். பெரும்பாலும் என்று எழுதுவது தெரிந்தேதான். கொட்டும் மழையில் எந்த விலை கொடுத்து வாங்கிய சிக்கிமுக்கிக்கும் இதே கதிதான், இந்தத் துப்பாக்கியைத் தனியாகக் குறை சொல்ல வழியில்லை. சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். மறுநாளைக்கு ஒத்திவைத்தால் துரு பிடித்துவிடும்.

1985-இல் துப்பாக்கி செய்பவரான டோனி நைட் எம்.கே.-85 என்ற நவீன வாய்வழித் துப்பாக்கியைக் கொண்டுவந்தது முதல், வாய்வழி கெட்டிக்கும் வேட்டை என்ற பெயரில் தொலைநோக்கியும் பிளாஸ்டிக் கட்டையும் கொண்ட நவீனக் கருவிகள் பெருகிவிட்டன. இறைச்சி மட்டுமே குறி என்றால், அவை அனுமதிக்கப்படும் அக்டோபர் பருவத்தில் அவற்றையே எடுத்துச் செல்லலாம். அப்படிப்பட்டவர்களுக்குக் கிரேட் பிளெயின்ஸ் வீண் செலவு. ஒரே துப்பாக்கியால் எல்லாப் பருவத்தையும் சமாளிக்க நினைப்பவருக்கும் இது வேண்டாம். மாறாக, ஈய உருண்டையும் துணியும் கல்லும் கொண்டு மானை நெருங்கும் வேட்டையைக் கற்க விரும்புகிறவருக்கு, கைவினைத் துப்பாக்கிக்குப் பணம் சேரும்வரை காத்திராமல் தொடங்க இதைவிடப் பொருத்தமானது என் பார்வைக்கு வரவில்லை.

பழையது வாங்குகிறவர் குழலுக்குள் சிறு விளக்கை இறக்கி, அடிப்பகுதியில் துருக்குழிகள் உள்ளனவா என்று பார்க்கட்டும். கழுவாமல் பரணில் வைத்த துப்பாக்கிகள் சந்தையில் ஏராளம். பற்றுத்துளைக் குமிழ் திருகினால் கழன்று வருகிறதா, அரைநிலையில் நிறுத்திய குதிரை விசையை அழுத்தினால் அசையாமல் நிற்கிறதா என்பவையும் முக்கியம். உரசுத்தகட்டின் முகத்தில் ஆழ்ந்த பள்ளங்கள் இருந்தாலோ, புதுக்கல் வைத்தும் பொறி மங்கலாக விழுந்தாலோ, தகட்டை மாற்றவோ மறுபடி கடினமாக்கவோ வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துக் கேட்கலாம்.